அமாவாசைக் கோட்டை

தெருமுனையிலேயே மொபெட்டை நிறுத்திவிட்டு, காதை மட்டும் முன்னால் அனுப்புவார். ஆள் புளியமரத்தடியில் நிற்பார், வண்டிச் சங்கிலி கழன்றுவிட்டதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டு. காது வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வரும். முள்ளிப்பட்டில் பட்டுத்தறிகள் ஒன்றன் சத்தத்தின்மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது ஓட்டுக்கூரையில் விழும் மழை, அவ்வளவுதான். அவருக்கு ஒவ்வொரு துளிக்கும் ஒரு முகம் இருந்தது.

"மூணாவது வூடு ஓடல. அதுக்கப்பால இருக்கறது ஓடுது, ஆனா நம்ம பாவு இல்ல."

"யாரு குடுத்த பாவுன்னு சத்தத்துல எப்டிண்ணா தெரியும்?"

"தெரியாதுபா. சந்தேகம்தான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போதும் கண் சிரிக்காது. அது தெருவிலேயே இருக்கும், யாராவது பின்கதவு வழியாகப் போகிறார்களா என்று.

ஆரணியில் எங்கள் முதலாளி பட்டும் ஜரிகையும் வீட்டுத் தறிகளுக்குக் கொடுத்து நெய்து வாங்குபவர். சேலைக்கு நீளமாக ஓடுகிற நூலைப் பாவு என்போம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நடுநடுவே தறி நம் பாவைத்தான் நெய்கிறதா, வேறு முதலாளியின் பாவு அதில் ஏறிவிட்டதா என்று சுற்றி வந்து பார்ப்பது அவருடைய வேலை. நான் கம்ப்யூட்டரில் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் போடுகிறவன். போட்ட அன்னம் தறியில் அன்னமாகவே விழுகிறதா, வாத்தாக விழுகிறதா என்று பார்க்க அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். அப்படித்தான் பழக்கம். அவருக்குப் பேர் இருந்தது, எல்லாருக்கும் தெரியும். இங்கே அதைச் சொன்னால், எதற்குச் சொன்னான் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வேண்டாம்.

அவர் சந்தேகப்படாத பொருளை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் டீ சூடாக வந்தால், பழைய டீயைச் சுட வைத்துக் கொடுக்கிறான் என்பார். ஆறி வந்தால், பழைய டீயைச் சுடக்கூட வைக்கவில்லை என்பார். களம்பூர் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் கடிகாரத்தை ஆட்டிப் பார்ப்பார். ஒருமுறை எனக்கு டைபாய்டு. தினமும் வந்தார், கையில் ஒரு இளநீரோடு. கட்டில் ஓரம் உட்கார்ந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாரா, காய்ச்சல் இருக்கிறதா என்றே பார்க்கிறாரா? அந்தக் கையின் குளிர்ச்சி நன்றாக இருந்தது. இளநீரும் நன்றாக இருந்தது. மற்றதை நான் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கோட்டை இருந்தது.

டிசைன் அறை முதலாளி கடைக்கு மேல்மாடி. இரண்டு கம்ப்யூட்டர். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஊரே சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடியது. கத்தியும் மந்திரமும் குதிரையும் உள்ள விளையாட்டு. ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு ஒரே ஊரில் நடமாடலாம். பிறகு அந்தக் கம்பெனி அதை மாற்றி மாற்றி அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டது, நாங்களும் கல்யாணம், பிள்ளைகுட்டி என்று போய்விட்டோம். பல வருஷம் கழித்து கம்பெனிக்கே என்ன தோன்றியதோ, விளையாட்டு முதலில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பழைய சர்வரைத் திறந்தார்கள். இந்தத் தடவை செல்போனிலும் ஆடலாம்.

திறந்த புதிதில் உள்ளே நுழையவே வரிசை. கடைவீதிச் சதுக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் நின்று, தலைக்கு மேல் பெயர்கள் ஒட்டிக்கொண்டு, எது யார் என்று தெரியாது. தேர் அன்றைக்கு வடம் பிடிக்கப் போன மாதிரி இருந்தது. முள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள், களம்பூர் ரைஸ்மில்லில் இரண்டு பேர், வெம்பாக்கத்தில் ஒரு விவசாயி என்று எங்கள் பக்கத்து ஆட்களெல்லாம் சேர்ந்து ஜரிகைப்படை என்று ஒரு கூட்டம் கட்டினோம். அவர் தலைவர். வேறு யாரையாவது தலைவராக்கியிருந்தால், அவனைக் கண்காணிக்கவே அவருக்குப் பொழுது போயிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுற்று முடித்து வந்து என் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவார். சட்டையில் பட்டுப் பிசிறு ஒட்டியிருக்கும். கத்தியை எடுக்கமாட்டார். முதலில் ஊரைச் சுற்றி வருவார், மொபெட்டில் சுற்றுகிற அதே நிதானத்தில்.

ஏனென்றால் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஒரு வருஷம் கழித்து இன்னொரு பழைய சர்வரைத் திறந்தது. அதே விளையாட்டு, அதே மலை, அதே ஆறு, எல்லாரும் முதலிலிருந்து தொடங்கலாம். பழையதிலேயே பழையது, புதியது என்று இரண்டு ஆகிவிட்டது. யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நேற்று பேசிய பெயர் இன்று வராது. ஒரு வாரம் காத்திருப்போம். பிறகு யாராவது, "அவன புதுசுல பாத்தேன்," என்பான், எழவு சொல்வது மாதிரி.

அவர் அதற்கு முன்பே மோப்பம் பிடிப்பார். வழியோரத்தில் இரும்புக்கல் வெட்டப்படாமல் கிடந்தால் நின்றுவிடுவார். "முன்னல்லாம் இது முளைக்கறதுக்குள்ள நாலு பேரு அடிச்சிக்குவானுங்க. இப்ப பாரு, கேப்பாரு இல்ல." குளத்தில் மீன் பிடிக்க ஆள் இல்லாமல் தண்ணீர் அசையாமல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சந்தையில் மூலிகை மட்டும் குவிந்து கிடந்தால் முகம் இன்னும் சுருங்கும். "இது மனுஷன் பறிச்சது இல்ல." ஆட்கள் குறையக் குறைய, தானாகவே ஓடும் போலி உருவங்கள் பெருகின. யாரோ எழுதி விட்ட புரோகிராம்கள். மூலிகை பறிக்கும், விற்கும், திரும்பப் பறிக்கும். பார்வைக்கு மனிதன். அவருடைய சந்தேகம் வயிறு நிறையச் சாப்பிட்ட இடம் அது.

மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்க் கூட்டம் எங்களுக்குத் துணை. அவர்கள் இரண்டு நாள் பேச்சைக் குறைத்தால், "மூட்ட கட்றானுங்கபா," என்பார். வெம்பாக்கத்து விவசாயியின் மந்திரவாதி ஒருநாள் பகல் முழுக்கக் கோட்டைச் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அவனை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். போன் போட்டுக் கேட்டேன். ஆட்டத்தை மூடாமல் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நடவுக்குப் போயிருக்கிறார்.

"பாத்தீங்களாண்ணா, நடவுக்குப் போனாராம்."

"வுட்டுட்டுப் போனான்ல? அப்ப மனசு இங்க இல்லன்னு அர்த்தம்."

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் மயில் கழுத்துக்கு நீலம் தேடிக்கொண்டிருப்பேன். தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்கும்.

"புதுசுல பேரு பதிஞ்சிட்டியா?"

"இது சேலண்ணா. மயிலு."

"நான் கேட்டது அது இல்லியே."

ஆட்களைப் பிடித்து வைக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தறியில் ஒரு பாவு முடிகிற சமயம், அதன் நுனி நூல்களோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவார்கள். தறி வெறுமையாக நிற்காது. அவர் படையிலும் அதைத்தான் செய்தார். ஒருவன் கவசம் செய்துகொண்டிருந்தால், அது முடிவதற்குள் வில்லுக்கு மரம் கேட்பார். மரம் வருவதற்குள், குதிரை பழக்கக் கிளம்பச் சொல்வார். அடுத்து என்ன செய்யலாம் என்று ஒருவன் ஒரு சாயங்காலம் சும்மா யோசித்தால் போதும், போய்விடுவான் என்று அவருக்குப் பயம். "அந்த சாயங்காலத்த குடுக்கக்கூடாதுபா," என்பார். களம்பூர் ரைஸ்மில் பையன்கள், "தலைவரே, மூட்ட தூக்கறத விட இது பேஜாரா இருக்குது," என்று எழுதுவார்கள். எழுதிவிட்டு மரம் வெட்டப் போவார்கள்.

கோட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். கோட்டையை வைத்திருக்கிற கூட்டம், மாதத்தில் ஒருநாளைச் சண்டைக்குக் குறிக்கலாம். அன்றைக்கு மற்றவர்கள் வந்து முற்றுகை போடுவார்கள். தடுத்துவிட்டால் இன்னொரு மாதம் கோட்டை நம்முடையது. அவர் யோசிக்கவே இல்லை, அமாவாசை என்று போட்டுவிட்டார். எங்கள் பக்கம் அமாவாசைக்குத் தறி ஓடாது. காலையில் தலை முழுகி, படைத்து, காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டு எழுந்தால் முள்ளிப்பட்டு முழுக்க ஓசை இல்லாமல் இருக்கும். அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்போன் கண் விழிக்கும். மற்ற நாளில் நாலைந்து பேர் திரியும் கோட்டையில், அமாவாசை மத்தியானம் திடீரென்று படை முளைத்துவிடும். எங்கிருந்து வந்தார்கள் என்று எதிரிக்குத் தெரியாது.

வெளியாட்களுக்கு எங்கள் தேதிக் கணக்கு பிடிபடவே இல்லை. மாதத்துக்கு மாதம் நகர்ந்தது. கிழமையும் ஒத்துவரவில்லை. மணிலாவிலிருந்து ஆடும் ஒருவன், எதை வைத்து நாள் குறிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். இவர் ஒற்றை வார்த்தையில், நிலா என்று பதில் போட்டார். அவன் அதற்கப்புறம் பேசவில்லை. மாதத்தில் ஒரேயொரு நாள், ஒரே நேரத்தில், ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து மொத்தமாக விழித்துக்கொள்ளும் உருவங்கள். சண்டை முடிந்ததும் மொத்தமாக அணைந்துவிடும். அவன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

எங்கள் படையின் உயிர் வைத்தியன். முள்ளிப்பட்டு பாஸ்கரனின் உருவம். வெள்ளை அங்கி, கையில் ஒரு கிளை. அடிபட்டு விழப்போகிறவன் மேல் அந்தக் கிளையை நீட்டினால் போன உயிர் பாதி திரும்பும். வைத்தியன் பின்னால் இருக்கிறான் என்கிற தைரியத்தில்தான் மற்றவர்கள் மதில்மேல் நின்றார்கள். அதிகம் பேசமாட்டான். "ஆச்சு", "வரேன்", "சரிண்ணா". இந்த மூன்றில் ஒன்றுதான் வரும், ஒரு எழுத்து பிசகாமல்.

பிசகாமல் வந்ததுதான் முதல் வினை.

"எந்த மனுஷன் ஒரு தடவகூட தப்பா அடிக்காம இருப்பான்?" என்றார்.

பிறகு இன்னொன்று கண்டுபிடித்தார். மத்தியானத்து வைத்தியன் வேறு, சாயங்காலத்து வைத்தியன் வேறு. சாயங்காலம் வருபவன் அவசரக்காரன், முன்னால் ஓடி அடிபடுவான். மத்தியானம் வருபவன் நின்று, காத்து, சரியான நொடியில் கிளையை நீட்டுவான். "கை மாறி இருக்குதுபா. பாஸ்கரு இத எவனுக்கோ குடுத்துட்டான். பகல்ல ஓட்றது புரோகிராமு."

"புரோகிராம் இவ்ளோ நல்லா ஆடுமாண்ணா?"

"அதான் சொல்றேன். ரொம்ப நல்லா ஆடுது."

பாஸ்கரனிடமே கேட்டுவிடலாமே என்றேன். கேட்டால் உஷாராகிவிடுவான் என்றார். இப்படிப் பல மாதம். வைத்தியன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தான். அவர் வைத்தியனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் கம்பெனி ஒரு அறிவிப்புப் போட்டது. ஆட்கள் குறைந்துபோன பழைய சர்வர்களை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள். சேர்க்கும்போது கோட்டைகள் அழிந்துவிடும். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் வந்தார். சதுக்கத்தில் நின்று, இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கூட்டத்த காட்டினாதான் கோட்ட நிக்கும். ஒருத்தனையும் வுடக்கூடாது." அந்தக் கோட்டையில் செங்கல் கிடையாது, ஜன்னல் கிடையாது, போய்ப் படுக்க ஒரு பாய் கிடையாது. ஆனால் முதலாளியின் தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் சுற்றுகிற மனிதருக்குத் தன்னுடையது என்று சொல்ல அதுதான் இருந்தது.

அந்த மாத அமாவாசை. மாடியில் நாங்கள் இரண்டு பேர். கீழே கடையில் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களின் பேச்சு. எதிரிகள் மணிலாவும் ஹைதராபாத்தும் சேர்ந்து வந்திருந்தார்கள். மதில் அதிர்ந்தது. வைத்தியன் ஓடி ஓடிக் கிளையை நீட்டினான். நான் இரண்டு தடவை செத்துப் பிழைத்தேன். தடுத்துவிடுவோம் என்று தெரிந்த நேரம், கோட்டை முற்றத்தில் ஒரு வெளிச்ச உருவம் வந்து நின்றது. கம்பெனியின் கண்காணிப்பாளர். பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி.

தலைவருக்கு மட்டும் ஆங்கிலத்தில் செய்தி. இந்தக் கூட்டம் ஒருவரே ஓட்டும் போலிகள் என்று புகார் வந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லாரும் தனித்தனி மனிதர்கள்தானா? யார்மேலாவது உங்களுக்குச் சந்தேகம் உண்டா?

நான் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, "இல்லன்னு போடுங்கண்ணா," என்றேன்.

அவர் விரல் எழுத்துப் பலகைக்கு மேலே நின்றது.

"அண்ணா, சண்ட நடந்துகினு இருக்குது. ஜல்தி. இல்லன்னு போடுங்க."

"கேக்கறாங்கல்ல?"

"அதுக்கு?"

"கேட்டா சொல்லணும்ல. நம்ம படைய நாமளே சுத்தமா வெச்சிகினா, நம்ம மேல நம்பிக்க வரும்ல." முகத்தில் ஒரு வெளிச்சம். அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று, ஒரு அதிகாரி, மரியாதையாக.

ஒருவர்மேல் என்று எழுதினார். வைத்தியன் பெயரைத் தந்தார்.

மதிலின்மேல் கிளையை நீட்டிக்கொண்டிருந்த உருவம், காற்றில் விளக்கு அணைவதுபோல் இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் நடந்ததை எழுத ஒன்றுமில்லை. விழுந்தவன் எழவில்லை. களம்பூர்ப் பையன்கள், "வைத்தியன் எங்க, வைத்தியன் எங்க," என்று கத்திக் கத்தி விழுந்தார்கள். டீ வருவதற்குள் கோட்டை போய்விட்டது.

"பாஸ்கரு யாருக்குக் குடுத்தான்னு கேட்டுட்டு வரலாம், ஏறு," என்றார். கோபத்தில் சாவியைத் தப்பான பக்கம் திருப்பினார்.

பிறகு அவரே இறங்கிவிட்டார்: அமாவாசை, தறி ஓடாது, காதுக்கு ஒன்றும் கிடைக்காது. மறுநாள்தான் போனோம். புளியமரத்தடி. வண்டி நின்றது. காது போயிற்று.

"ஓடுது. பாஸ்கரு இல்ல. அவன் சம்சாரம் உக்காந்து இருக்குது." யோசிக்கவே இல்லை. தறிக்காரன் வெளியே போனால் மனைவி தறியில் உட்காருவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஒரே சேலையில் இரண்டு கை இருக்கும். அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இதுவரைக்கும் அவன், இதற்கு மேல் அவள் என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

தேவகி தறியிலிருந்து எழுந்து வந்தாள். பாஸ்கரனின் மனைவி, முப்பதைத் தாண்டியிருக்கலாம். தறிப் பக்கத்து ஆணியில் ஒரு செல்போன் கயிறு கட்டித் தொங்கியது.

"வாங்கண்ணா. அவரு ஆரணிக்குப் போய் இருக்காரு. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி அப்பால. வைத்தியன யாருக்குக் குடுத்தீங்க?"

"எதுக்குண்ணா குடுக்கணும்?"

"பகல்ல ஓட்றது யாரு?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் மெதுவாக ஏதோ விளங்கியது. "நீங்கதான் சொன்னதாண்ணா? நேத்து?"

அவர் ஆணியில் தொங்கிய செல்போனைப் பார்த்தார்.

"பகல்ல நானு. சாயங்காலம் அவரு. அமாவாசைக்கு அவரு சாப்ட்டுட்டு படுத்துடுவாரு, சண்ட எப்பவும் நான்தான். உங்கள எத்தினி தடவ தூக்கி வுட்டு இருக்கறேன்?"

"ஆம்பளப் பேரு வெச்சிகினு?"

"பேரு அவரு வெச்சது. கை என்னுது."

"அந்த மூணு வார்த்த?"

"கையில ஊட நூலு ஓட்ற நாடா இருக்கும்ணா. நெய்துகினே எழுத முடியுமா? மூணு வார்த்தய எழுதி வெச்சிகினேன். அமுக்கினா போவும்."

துணியில் தொட்டதும் தெரிகிற இரண்டு கை. அதையே விளையாட்டிலும் தொட்டுவிட்டார், அது கணவனும் மனைவியும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

தெருவில் இரண்டு மூன்று வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எல்லாரும் படைக்காரர்கள்தான். ஒருவன் சத்தமாகவே சொன்னான்: "தலைவரே, வைத்தியன் வந்தா அடுத்த அமாவாசைக்குக் கோட்டைய திரும்பப் புடிப்போம். வரலன்னா நாங்க மொத்தமா புதுசுக்குப் போறோம். இப்பவே சொல்லிட்டேன், மறைச்சி எல்லாம் போவல."

தேவகி கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். ராத்திரி பகல் என்று பல வருஷம் உருட்டிச் சேர்த்த உருவம், சும்மா விட முடியுமா? சில நாளில் பதில் வந்தது, அவளுக்கு இல்லை, அவருக்கு. புகாருக்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை, நீங்கள் சொன்னது ஒன்றுதான் நிற்கிறது, உங்கள் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று ஒரே கேள்வி. கீழே இரண்டு பொத்தான். ஆமாம், இல்லை.

அதை அவர் ஒரு வாரம் திறந்து திறந்து மூடினார். நெய்த சேலையைக் கொடுக்கப் பாஸ்கரனும் தேவகியும் ஆரணிக்கு வந்த அன்று, மத்தியானம், அவள் மட்டும் மாடி ஏறி வந்தாள். பாஸ்கரன் கீழே முதலாளியிடம். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு அமுக்கு அமுக்கிடுங்கண்ணா. நான் போய் பஸ்ஸ புடிக்கணும்."

"அமுக்கறேம்மா. அமுக்கத்தான் போறேன்." பொத்தானுக்குப் பக்கத்தில் அம்புக்குறி நின்றது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மலேசியாக்காரனுங்க தொணைக்கு வந்த அன்னிக்கு, வடக்கு மதில்ல நான் வுழுந்தப்ப நீ எங்க நின்ன?"

"கெணத்துப் பக்கத்துல. அங்கேர்ந்து ஓடி வந்தேன். நீங்க வுழுந்தது வடக்குல இல்ல, கெழக்குல."

"ம்." அவர் தலையாட்டினார். அம்புக்குறி நகரவில்லை. "குதிர செத்துப்போச்சே, அன்னிக்கு?"

"அது களம்பூர் பையன் குதிர. நீங்க அவன திட்னீங்க."

"அத பாஸ்கரும் உனக்குச் சொல்லி இருக்கலாம்ல?"

"அண்ணா," என்றேன்.

"இருப்பா. நல்லதுக்குத்தான் கேக்கறேன். நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் சொல்லணும்ல." என் பக்கம் திரும்பினார். கண் என்மேல் சற்று அதிகநேரம் தங்கியது. "நீ எதுக்கு இதுல இவ்ளோ அவசரப்படற?"

தேவகி என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெள்ளை அங்கிக்காரன், கிளையோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் நின்றான்.

"இன்னும் ஒண்ணு இருக்குதாண்ணா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. நீ மொத மொத உள்ள வந்த அன்னிக்கு, சதுக்கத்துல யாரு..."

அவர் கேட்டு முடிக்கவில்லை. அவள் அவருடைய தோளுக்கு மேலாகக் கை நீட்டினாள். விரல் நுனியில் பட்டு அறுத்த தழும்புகள். அவர் கையிலிருந்து மௌஸை மெல்ல நகர்த்தி, இரண்டாவது பொத்தானின் மேல் வைத்து, அமுக்கினாள்.

இல்லை.

சாம்பல் உருவம் போயிற்று. பெயர் போயிற்று. வெறும் திரையில் நன்றி என்று ஒரு வரி வந்தது.

"முள்ளிப்பட்டுல எல்லாரும் இன்னிக்கு சாயங்காலம் புதுசுல பேரு பதியறோம். நான் தேவகின்னே பதியப்போறேன்," என்றாள். அவரிடம் சொன்னாளா, என்னிடமா, தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். நிதானமாக, ஒவ்வொரு படியாக.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். அழப்போகிறாரோ என்று பயந்தேன். கோட்டை இனி இல்லை, படை இனி இல்லை, அவருக்கும் அது தெரியும். மெல்ல நாற்காலியைத் திருப்பினார். அந்த முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. கடைசியில் பிடித்துவிட்டவனின் அமைதி இருந்தது.

"பாத்தியா?" என்றார், என் கையைத் தொட்டு, ரகசியமாக. "நெஜ ஆளா இருந்தா, இப்டி அமுக்குவாளாப்பா?"